சீந்தில் கொடியும் ஈரலும்: ஒரு நிகழ்வு ஆய்வு

2020 செப்டம்பரிலிருந்து டிசம்பர் வரை, நான்கே மாதங்களில், மும்பையில் ஆறு பேர் கடுமையான ஈரல் அழற்சியோடு மருத்துவர்களிடம் வந்து சேர்ந்தார்கள். கண் மஞ்சள், உடம்பு மஞ்சள், ரத்தத்தில் ஈரல் நொதிகள் எக்கச்சக்கமாக ஏறியிருந்தன. வழக்கமாகச் சந்தேகப்படும் காரணங்களை ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே போனபோது, ஆறு பேருக்கும் பொதுவாக மிஞ்சியது ஒன்றுதான். எல்லோரும் சீந்தில் எடுத்துக்கொண்டிருந்தார்கள். வடக்கே கிலோய், ஆயுர்வேதத்தில் குடூசி, தாவரவியலில் டினோஸ்போரா கார்டிஃபோலியா. தண்டைக் கொதிக்கவைத்துக் குடித்தவர்களும் உண்டு, கடையில் தயாராக விற்பதை வாங்கியவர்களும் உண்டு. யாரும் வியாதிக்காகச் சாப்பிடவில்லை. கொரோனா வராமல் இருக்கச் சாப்பிட்டார்கள்.

மும்பை ஜஸ்லோக் மருத்துவமனையின் ஈரல் மருத்துவர் ஆபா நாக்ரலும் சக மருத்துவர்களும் இந்த ஆறு பேரைப் பற்றி 2021இல் ஓர் ஆய்விதழில் எழுதினார்கள். அதற்குப் பிறகு எழுந்த சண்டையில் இரண்டு கட்சிகள் உருவாகிவிட்டன. ஒரு கட்சிக்கு சீந்தில் விஷம். இன்னொரு கட்சிக்கு அது அமிர்தவல்லி, அதைக் குறைசொல்வது நம் மரபையே குறைசொல்வது. நடந்ததை நிதானமாகப் பார்த்தால் இரண்டுமே சரியில்லை என்பது என் முடிவு. இந்தக் கொடி எதற்காகப் புகழப்பட்டதோ அதே குணம்தான் சிலரை வீழ்த்தியது. வாக்குறுதியும் ஆபத்தும் வெவ்வேறு இடத்தில் இல்லை.

வீட்டுக்குள் வந்த வழி

சீந்தில் புதிதாக இறக்குமதியான சரக்கு இல்லை. வேலியில் படரும், வேப்ப மரத்தில் ஏறும், வெட்டிப் போட்டாலும் விழுதுவிட்டுத் துளிர்க்கும். நாட்டு மருந்துக் கடையில் காய்ந்த தண்டு கிடைக்கும். சித்த மருத்துவத்தில் அதைத் தனியாகவும் கொடுப்பார்கள், கூட்டு மருந்திலும் சேர்ப்பார்கள். தமிழ்நாட்டில் 2020இல் தெருத்தெருவாகக் கொடுத்த கபசுரக் குடிநீரின் பதினைந்து சரக்குகளில் சீந்தில் தண்டும் ஒன்று.

கொரோனாவோடு வந்த மாற்றம், இந்தக் கொடி மருந்து என்ற நிலையிலிருந்து தினசரிப் பழக்கம் என்ற நிலைக்கு வந்ததுதான். 2020 ஜனவரி இறுதியில், இந்தியாவில் முதல் தொற்று உறுதியான அதே வாரத்தில், மத்திய ஆயுஷ் அமைச்சகம் ஓர் அறிவுரை வெளியிட்டது. அதில் சம்சமனி வடி என்ற மாத்திரை இருந்தது. சீந்திலின் சாரத்தைச் சுண்டவைத்துச் செய்வது அது. அக்டோபர் 6ஆம் தேதி, ஆயுர்வேதமும் யோகமும் சேர்ந்த கொரோனா சிகிச்சை நெறிமுறை ஒன்றை அரசு வெளியிட்டது. அதிலும் சீந்தில் மாத்திரை இடம்பெற்றது: 500 மில்லிகிராம், தினம் இரண்டு வேளை, பதினைந்து நாள் அல்லது ஒரு மாதம், அல்லது வைத்தியர் சொல்கிறபடி.

இந்தக் கடைசி வரிதான் போகிற வழியில் தொலைந்துபோனது. வாட்ஸ்அப்பில் சுற்றியது பெயர் மட்டும். எவ்வளவு, எத்தனை நாள், யாருக்கு வேண்டாம் என்பதெல்லாம் கூடவே வரவில்லை. ஒரு சித்த வைத்தியரிடம் போனால் நாடி பார்ப்பார், வேறென்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று கேட்பார், பத்தியம் சொல்வார், ஒரு மண்டலம் கழித்து வரச் சொல்வார். மருந்துக்கு முன்னும் பின்னும் இருந்த அந்த ஏற்பாடு முழுக்கக் கழன்றுவிட்டது. மிஞ்சியது ஒரு கொடியும் ஒரு பயமும். பயத்தில் இருப்பவர்கள் கொஞ்சம் அதிகமாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். அதற்காக அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. கொரோனாவின் முதல் வருடம் அது. தடுப்பூசி வந்திருக்கவில்லை, கையில் எட்டுகிற எதையாவது பிடித்துக்கொள்ளத்தான் தோன்றும்.

வாக்குறுதி வெறும் கதை இல்லை

சீந்தில் வெறும் நம்பிக்கை என்று சொல்பவர்கள் ஒரு பழைய ஆய்வைப் பார்க்க வேண்டும். அதே மும்பையில், கே.ஈ.எம். மருத்துவமனையில், 1990களின் தொடக்கத்தில் நடந்தது. பித்தநாளம் அடைபட்டு மஞ்சள் காமாலை வந்து, அறுவைக்குக் காத்திருந்த 30 நோயாளிகளை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு வழக்கமான சிகிச்சை. மற்றக் குழுவுக்கு அதோடு சீந்தில் சாறு. வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் பாதிப் பேருக்கு ரத்தத்தில் நச்சுத் தொற்று ஏற்பட்டது, சீந்தில் பெற்றவர்களில் ஒருவருக்கும் ஏற்படவில்லை. பிழைத்தவர்களும் சீந்தில் குழுவில்தான் அதிகம். சின்ன ஆய்வுதான், இதை வைத்து மட்டும் ஒரு மருந்தை நிறுவிவிட முடியாது. ஆனால் அலட்சியமாகத் தள்ளிவிடக்கூடிய ஆய்வும் இல்லை. மூக்கொழுகல், தும்மல் ஒவ்வாமை உள்ள 75 பேரிடம் எட்டு வாரம் நடந்த இன்னொரு ஆய்விலும், வெற்று மாத்திரை பெற்றவர்களைவிட சீந்தில் பெற்றவர்களுக்கு நன்றாகக் கேட்டது. அது 2005இல் வெளிவந்தது.

ஆய்வகத்திலும் சான்று உண்டு. சீந்தில் தண்டிலிருந்து பிரித்தெடுத்த அராபினோகேலக்டன் வகைச் சர்க்கரைச் சங்கிலி ஒன்று, நோய் எதிர்ப்பு அணுக்களைத் தட்டி எழுப்புவதைப் பார்த்திருக்கிறார்கள். ஆக, 'எதிர்ப்பு சக்தியைத் தூண்டும்' என்ற விளம்பர வாசகத்துக்குக் கீழே உண்மையான அடித்தளம் ஒன்று இருக்கிறது.

ஆனால் தூண்டப்படுவது எது? எதிர்ப்பு சக்தி என்பது எவ்வளவு நிரப்பினாலும் நல்லது என்று வைத்துக்கொள்ளக்கூடிய ஒன்று இல்லை. அது குரைக்க வேண்டிய நேரத்தில் மட்டும் குரைக்க வேண்டிய காவல் நாய். வீட்டுக்காரரையே கடித்துவிடாமல் அதைக் கட்டிவைக்கத் தனியாக ஓர் ஏற்பாடு உடம்புக்குள் எந்நேரமும் நடந்துகொண்டிருக்கிறது. அந்தக் கட்டு தளர்ந்தவர்கள் நம்மிடையே ஏராளம். தைராய்டை உடம்பே தாக்கும் ஹஷிமோட்டோ, முடக்குவாதம், லூபஸ், காளாஞ்சகப்படை, வெண்புள்ளி எல்லாமே இந்தக் குடும்பம். இவர்களில் பலருக்குத் தங்களுக்கு அப்படி ஒரு கோளாறு இருப்பதே தெரியாது.

ஈரலுக்குள் என்ன நடந்தது

இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியிருக்கிறது. ஈரலில் ஊசி செலுத்தி நூல் கனத்துக்கு ஒரு துணுக்கை எடுத்து, மெல்லிய சீவலாக்கி, சாயமேற்றி நுண்ணோக்கியில் வைப்பார்கள். ஆரோக்கியமான ஈரலில் அணுக்கள் வரிசை வரிசையாக இருக்கும். ரத்தக் குழாயும் பித்தக் குழாயும் ஒன்றாக ஓடும் சிறு தீவுகள் இடையிடையே தெரியும், அவற்றின் ஓரம் தெளிவாக இருக்கும். மும்பை நோயாளிகளின் திசுவில் ஈரல் அணுக்கள் சேதமாகியிருந்தன, இடையில் நிணவணுக்களும் பிளாஸ்மா அணுக்களும் திரண்டு கிடந்தன. பிளாஸ்மா அணு என்பது எதிர்ப்பொருள் தயாரிக்கும் அணு. வெளியிலிருந்து வந்த நஞ்சு ஈரலை நேரடியாக எரித்திருந்தால் இந்த அளவுக்கு அவை அங்கே கூட வேண்டிய அவசியம் இல்லை. உடம்பின் சொந்தப் படை தன் ஈரலையே தாக்கும்போது வரும் தோற்றம் இது. தன்னெதிர்ப்பு ஈரல் அழற்சி என்று அதற்குப் பெயர். பெண்களிடம்தான் அதிகம் வரும்.

இந்த நோய் பல வருடம் சத்தமில்லாமல் இருக்கும். கொஞ்சம் சோர்வு இருக்கலாம், அவ்வளவுதான். யாரும் சோதித்துப் பார்ப்பதில்லை. அப்படிப்பட்ட ஒருவர் தினமும் எதிர்ப்பு சக்தியைத் தூண்டும் ஒன்றைச் சாப்பிட்டால் தூங்கிக்கொண்டிருந்த நோய் விழித்துக்கொள்ளலாம். சிகிச்சைக்கு முதலில் செய்வது சீந்திலை நிறுத்துவது. அதுவே பலருக்குப் போதும். சிலருக்கு ஸ்டீராய்டு தேவைப்படும். ஸ்டீராய்டு செய்வது எதிர்ப்பு சக்தியை அடக்குவது. எதைக் கூட்ட வேண்டும் என்று அந்த நோயாளி மாதக்கணக்கில் குடித்தாரோ, அதையே குறைக்க மருத்துவர் மருந்து கொடுக்க வேண்டியிருக்கிறது.

மறுப்பு

2021 ஜூலையில் ஆயுஷ் அமைச்சகம் பதில் சொன்னது. மும்பை மருத்துவர்கள் நோயாளிகள் சாப்பிட்டது உண்மையில் சீந்தில்தானா என்று பகுத்துப் பார்க்கவில்லை, அதைப் போலவே இருக்கும் டினோஸ்போரா கிரிஸ்பாவாக இருக்கலாம், ஆகவே இந்த மூலிகையை ஈரல் பாதிப்போடு இணைப்பது மக்களைத் தவறாக வழிநடத்தும் என்பது அதன் சாரம். 2022 பிப்ரவரியில் மறுபடியும், குடூசி பாதுகாப்பானது என்று அறிக்கை வந்தது.

முதல் ஆட்சேபத்தை நான் மதிக்கிறேன். மூலிகை உலகில் ஆள்மாறாட்டம் விளையாட்டு விஷயம் இல்லை. 1990களின் தொடக்கத்தில் பிரசல்ஸ் நகரில் உடல் எடை குறைக்கும் நிலையம் ஒன்றில் சீன மூலிகை மாத்திரை எடுத்த பெண்களுக்கு அடுத்தடுத்து சிறுநீரகம் செயலிழந்தது. ஸ்டெஃபானியா என்ற மூலிகை சேர வேண்டிய இடத்தில் அரிஸ்டோலோக்கியா என்ற வேறொன்று சேர்ந்திருந்தது. சீனப் பெயர்கள் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுபோல ஒலிக்கும். பாதிக்கப்பட்டவர்கள் நூறைத் தாண்டினார்கள், பிற்பாடு சிலருக்குச் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது. அந்த அரிஸ்டோலோக்கியா நமக்கு அந்நியமானது இல்லை. ஆடுதீண்டாப்பாளையும் ஈசுரமூலியும் அதே இனம்தான். இன்றைக்கும் அவற்றைச் சும்மா பறித்துக் கஷாயம் வைக்கச் சொல்லும் காணொளிகளைப் பார்க்கும்போது வயிறு கலங்குகிறது.

ஆக, எந்தச் செடி என்ற கேள்வி நியாயமானது. அதற்குப் பதில் தேடிய ஆய்வும் வந்தது. இந்தியாவின் 13 மையங்களைச் சேர்ந்த மருத்துவர்கள் சேர்ந்து, 2020 மார்ச் முதல் சீந்தில் சாப்பிட்டு ஈரல் பாதிப்போடு வந்த 43 பேரின் விவரங்களை 2022இல் வெளியிட்டார்கள். இந்த முறை நோயாளிகளிடமிருந்து மீட்க முடிந்த மாதிரிகளை ஆய்வகத்தில் பகுத்தும் பார்த்தார்கள். பாதிக்கு மேல் பெண்கள். ஏற்கெனவே ஈரல் நோய் உள்ளுக்குள் இருந்து, அது திடீரென்று மோசமானதுதான் அதிகம் காணப்பட்ட நிலை. அப்படிப்பட்டவர்கள்தான் தேறுவதற்கும் சிரமப்பட்டார்கள். மும்பையில் தெரிந்த அதே தன்னெதிர்ப்புச் சாயல் இங்கேயும் தெரிந்தது.

இந்த ஆய்வில் என் கண்ணை உறுத்திய எண் 46. சாப்பிட ஆரம்பித்ததிலிருந்து அறிகுறி தெரிய எடுத்துக்கொண்ட நாட்களின் நடு அளவு அது. அதாவது பாதிப் பேருக்கு 46 நாளுக்குள்ளேயே பிரச்சினை தொடங்கிவிட்டது. ஒரு மண்டலம் என்பது 48 நாள். 'மாதக்கணக்கில் குடித்தால்தான் ஆபத்து, ஒரு மண்டலம் ஒன்றும் செய்யாது' என்று சீந்திலுக்காக வாதாடுபவர்கள் சொல்வதுண்டு. அந்தச் சமாதானம் இங்கே நிற்கவில்லை. நாள் கணக்கு முக்கியம்தான், ஆனால் யாருடைய உடம்பு என்பது அதைவிட முக்கியம்.

43 பேர் என்பது பெரிய எண்ணா?

கோடிக்கணக்கான வீடுகளில் கஷாயம் கொதித்த காலத்தில் 43 பேர். அரிது என்றுதான் சொல்ல வேண்டும். இதை ஒளிக்காமல் சொல்லாவிட்டால் நானும் பயத்தை விற்பவன் ஆகிவிடுவேன். பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஆனால் எத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்ற கணக்கு யாரிடமும் இல்லாதபோது விகிதம் போட முடியாது. பாதிக்கப்பட்டவர்களில் எத்தனை பேர் கணக்கில் வந்தார்கள் என்பதும் அப்படித்தான். காமாலை என்றதும் கீழாநெல்லி அரைத்துக் குடித்து, சீந்திலையும் தற்செயலாக நிறுத்திவிட்டு, தானாகத் தேறியவர் எந்தப் பதிவேட்டிலும் வரமாட்டார். இன்னொரு சிக்கல், ஒரு தனி நோயாளியிடம் காரணத்தை நூறு சதவீதம் நிரூபிப்பது கடினம். அதற்கு ருகாம் என்ற மதிப்பெண் முறை இருக்கிறது. மருந்து தொடங்கி எத்தனை நாளில் நோய் வந்தது, நிறுத்தியதும் நொதிகள் எவ்வளவு வேகமாக இறங்கின, வேறு காரணங்கள் நீங்கினவா என்று பார்த்து எண் போடுவார்கள். வருவது 'அநேகமாக இதுதான்' என்ற வகைப் பதில். ஒரு மருந்தைத் தடைசெய்ய இது போதாமல் இருக்கலாம். ஆரோக்கியமாக இருக்கும் ஒருவர், வராத நோய்க்காக அதைச் சாப்பிடலாமா என்று யோசிக்க இது தாராளமாகப் போதும்.

நோயாளிக்கு மருந்து கொடுக்கும்போது கொஞ்சம் ஆபத்தை ஏற்றுக்கொள்கிறோம், ஏனென்றால் எதிர்ப்பக்கம் நோய் இருக்கிறது. கே.ஈ.எம். ஆய்வில் இருந்தவர்கள் சாவோடு போராடியவர்கள், அங்கே சீந்திலுக்கு ஒரு வேலை இருந்தது. நலமாக இருப்பவருக்கு அதே மருந்தைக் கொடுக்கும்போது எதிர்ப்பக்கத்தில் வைக்க ஒன்றும் இல்லை. மாற்று மருத்துவ மோகம் பெரும்பாலும் கோட்டைவிடுவது இந்த இடத்தில்தான்.

சாரமும் சத்தும்

சீந்திலில் நடந்தது தனி நிகழ்வு இல்லை. மஞ்சளை எடுத்துக்கொள்ளுங்கள். குழம்பில் போடும் மஞ்சள் உடம்பில் அவ்வளவு எளிதில் ஏறாது. 1998இல் பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள், மஞ்சளின் குர்குமினோடு மிளகின் பைப்பரினை வெறும் 20 மில்லிகிராம் சேர்த்துக் கொடுத்தபோது ரத்தத்தில் சேரும் அளவு 2000 சதவீதம் கூடியதைக் கண்டார்கள். மாத்திரைக் கம்பெனிகளுக்கு அது திருவிழா. இரண்டையும் சேர்த்து அடைத்து விற்கத் தொடங்கினார்கள். அமெரிக்காவில் மருந்தால் வரும் ஈரல் பாதிப்பைத் தொடர்ந்து கண்காணிக்கும் கூட்டமைப்பு, மஞ்சள் மாத்திரையோடு தொடர்புடைய 10 பேரை 2022இல் விவரித்தது. ஒருவர் இறந்தார். பத்தில் ஏழு பேருக்கு ஒரே மரபணு அடையாளம் இருந்தது. அதே அடையாளம் குடம்புளிச் சாரம் சேர்ந்த எடைகுறைப்பு மாத்திரைகளால் ஈரல் கெட்டவர்களிடமும் தெரிந்திருக்கிறது. மீன் குழம்பில் போடும் அதே குடம்புளிதான்.

இதைப் படித்துவிட்டு யாரும் அஞ்சறைப் பெட்டியிலிருந்து மஞ்சளை எடுத்து வீசிவிட வேண்டாம். சமையலில் போடும் அளவு வேறு, சாரமாகப் பிழிந்து, உறிஞ்சும் தடையையும் உடைத்து, தினமும் விழுங்கும் அளவு வேறு. 'நம் பாட்டன் பூட்டன் சாப்பிட்டதுதானே' என்ற வாதம் முதலாவதற்குப் பொருந்தும். இரண்டாவதைப் பாட்டனும் சாப்பிடவில்லை, பூட்டனும் சாப்பிடவில்லை. சீந்திலிலேயேகூட, தோலைச் சீவி இடித்து, நீரில் கரைத்துத் தெளியவைத்து, அடியில் தங்கும் மாவை மட்டும் காயவைத்து எடுக்கும் சீந்தில் சர்க்கரை ஒரு மருந்து. தண்டுச் சாற்றைச் சுண்டக் காய்ச்சி உருட்டிய மாத்திரை இன்னொரு மருந்து. பெயர் ஒன்று என்பதற்காக இரண்டையும் ஒன்றாகப் பேச முடியாது.

அப்புறம் சட்டம். பழைய நூல்களில் சொன்ன மருந்தை, சொன்னபடி, சொன்ன நோய்க்குத் தயாரித்தால் புதிதாகப் பாதுகாப்பு ஆய்வு எதுவும் இந்திய மருந்து விதிகள் கேட்பதில்லை. நூல் இருக்கிறது, போதும். கொரோனாவைப் பார்த்திராத நூலை வைத்து, கொரோனாக் காலத்தில் நலமாக இருந்தவர்களுக்கு மாதக்கணக்கில் விற்கப்பட்டதற்கு அந்தச் சலுகை பொருந்துமா என்பதை யாராவது உரக்கக் கேட்டிருக்க வேண்டும்.

சாப்பிடுகிறவர்களுக்கு

சீந்தில் எடுக்க வேண்டும் என்று தோன்றினால் முதலில் தகுதியுள்ள சித்த அல்லது ஆயுர்வேத மருத்துவரிடம் போங்கள். தைராய்டு, மூட்டு, தோல் என்று தன்னெதிர்ப்பு நோய் எது இருந்தாலும், குடும்பத்தில் யாருக்காவது இருந்தாலும் அவரிடம் சொல்லுங்கள். ஈரலில் பழைய கோளாறு உள்ளவர்களும், உறுப்பு மாற்று செய்துகொண்டு எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்தில் இருப்பவர்களும் தொடவே வேண்டாம். மற்றவர்கள் தொடங்கும் முன் ஒரு தடவை ஈரல் ரத்தப் பரிசோதனை, சில வாரம் கழித்து இன்னொரு தடவை செய்துகொள்வது பெரிய செலவு இல்லை. காரணமில்லாத அசதி, பசியின்மை, குமட்டல், தேநீர் நிறத்தில் சிறுநீர், உடம்பு அரிப்பு, இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். நொதிகளோடு சேர்ந்து, காமாலையில் கண்ணை மஞ்சளாக்கும் நிறமியான பிலிருபினும் ஏறிவிட்டால் அது வேறு கட்டம். மருந்தால் அந்த நிலைக்குப் போகிறவர்களில் பத்தில் ஒருவர் உயிருக்கே ஆபத்து என்பது ஈரல் மருத்துவர்கள் நெடுங்காலமாகக் கண்ட அனுபவக் கணக்கு.

அலோபதி மருத்துவர்களுக்கும் ஒரு வார்த்தை. 'கண்ட கஷாயத்தையும் குடிச்சீங்களா?' என்று எரிந்து விழுந்தால் அடுத்த நோயாளி வாயே திறக்கமாட்டார். மும்பையில் காரணம் பிடிபட்டது, யாரோ பொறுமையாகக் கேட்டதாலும் யாரோ மறைக்காமல் சொன்னதாலும்தான்.

நோயாளிகள் செய்ய வேண்டியது இன்னொன்று இருக்கிறது. உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றதும் கோபத்தில் மருந்தைக் குப்பையில் போட்டுவிடுகிறார்கள். போடாதீர்கள். மிச்சமிருக்கும் மாத்திரை, பொடி, தண்டு, டப்பா, ரசீது எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு மருத்துவரிடம் கொடுங்கள். ஆயுஷ் மருந்துகளின் பாதகங்களைப் பதிவுசெய்யத் தனியாக மருந்துக் கண்காணிப்புத் திட்டம் நடக்கிறது, தாம்பரத்தில் இருக்கும் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் அதில் ஒரு மையம். அங்கே புகார் பதியச் சொல்லுங்கள். எந்தச் செடி, என்ன கலந்தது, எவ்வளவு சாரம் என்று அமைச்சகமும் மருத்துவர்களும் மாதக்கணக்கில் மோதிக்கொண்ட கேள்விக்கு விடை அந்தப் பைக்குள்தான் இருக்கும்.